பயணம் கட்டுநாயக்காவில் தொடங்குவதில்லை: நீண்ட நேரம் இருந்தபடி செல்லும்போது காலில் உறையும் குருதி

விடியற்காலை ஐந்து மணி. வெள்ளவத்தை, காலி வீதியோரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரவு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இறங்குபவர்களைக் கவனித்துப் பாருங்கள். வயதானவர்கள் கடைசிப் படியில் ஒரு கணம் நின்று, கம்பியைப் பிடித்து, காலை ஒருமுறை உதறிவிட்டுத்தான் நிலத்தில் வைக்கிறார்கள். முதல்நாள் மாலை தளர்வாக இருந்த செருப்பு இப்போது இறுகிக் கிடக்கிறது.

"அம்மா, கால் என்ன இப்பிடி வீங்கியிருக்கு?"

"ஒண்டுமில்லை பிள்ளை, இருந்து வந்தது தானே. படுத்தெழும்பினால் வத்திப்போகும்."

பெரும்பாலும் அது உண்மைதான். இரு கணுக்கால்களும் ஒரே அளவாகச் சற்று வீங்கி, ஒரு நாளில் வற்றிப்போவது நீண்ட நேரம் இருந்து வந்த எவருக்கும் நடக்கக்கூடியது. ஆனால் அந்தத் தாய்க்குப் பயணம் இன்னும் முடியவில்லை. அன்றிரவோ மறுநாளோ அவர் லண்டனில் இருக்கும் மகளிடம் போகவேண்டும். மணித்தியாலங்களைக் கூட்டிப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 400 கிலோமீற்றர், பஸ்ஸில் எட்டு மணிநேரத்துக்கு மேல். லொட்ஜ் அறையில் அல்லது சொந்தக்காரர் வீட்டில் களைப்போடு படுக்கை. பிறகு கட்டுநாயக்காவுக்கு வான். விமான நிலையத்தில் மூன்று மணிநேரக் காத்திருப்பு. நேரடி விமானம் என்றால் சுமார் 11 மணிநேரம். இடையில் மாறிப் போகும் மலிவான ரிக்கெட் என்றால் இன்னும் கூட. ரொறன்ரோ போகிறவருக்கு ஒரு முழுநாளே விமானத்திலும் இடைத்தங்கலிலும் கழிந்துவிடும். இரண்டு நாட்களுக்குள் இருபது மணிநேரத்துக்கு மேல் முழங்காலை மடக்கியபடி ஓர் உடல் இருந்திருக்கிறது.

நீண்ட பயணத்தில் காலில் குருதி உறைவது பற்றிப் பேசும்போது எல்லோரும் விமானத்தைத்தான் நினைக்கிறார்கள். ஆபத்து விமானத்தில் இல்லை, அசையாமல் இருப்பதில் இருக்கிறது. எங்கள் பயணங்கள் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டவை. ஆகவே அவற்றைத் தனித்தனியாக எண்ணாமல் ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும்.

காலுக்குள் என்ன நடக்கிறது?

இதயம் குருதியை நாடிகள் வழியே காலுக்குத் தள்ளிவிடுகிறது. திரும்பி மேலே வருவதுதான் கடினம். பாதத்திலிருந்து நெஞ்சுவரை புவியீர்ப்புக்கு எதிராக ஏறவேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்கும் ஒவ்வொரு அடியிலும் அந்தத் தசை சுருங்கி, உள்ளே ஆழத்தில் ஓடும் நாளங்களைப் பிழிந்து குருதியை மேலே அனுப்புகிறது. நாளங்களுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அது மீண்டும் கீழே வழியாமல் தடுக்கின்றன.

நீங்கள் இருக்கையில் இருந்துவிட்டால் இந்தப் பம்பி நின்றுவிடுகிறது. முழங்கால் மடிந்திருக்கிறது, இருக்கையின் விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்துகிறது. கீழே குருதி தேங்குகிறது. தேங்கிய குருதி உறையத் தொடங்கலாம். ஜெர்மானிய வைத்தியர் ருடோல்ஃப் வேர்கோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் மூன்று காரணங்களைப் படிக்கிறார்கள்: குருதியோட்டம் மந்தமாதல், குருதிக்குழாயின் சுவர் காயப்படுதல், குருதியே இலகுவில் உறையும் தன்மை பெறுதல். நீண்ட பயணம் முதலாவதைத் தருகிறது. மற்ற இரண்டில் ஒன்று ஏற்கெனவே உங்கள் உடலில் இருந்தால் ஆபத்து பன்மடங்காகிறது.

ஆழ்நாளத்தில் இப்படி உருவாகும் கட்டியைத்தான் வைத்தியர்கள் டி.வி.ரி என்கிறார்கள். கால் வீங்கி நோவதோடு அது நின்றுவிட்டால் பிழைத்தோம். கட்டியில் ஒரு துண்டு உடைந்து குருதியோடு மேலே போனால் அது இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரலின் நாடியில் போய் அடைத்துக்கொள்ளும். சிறிய அடைப்பு என்றால் மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும். பெரிய அடைப்பு என்றால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வீட்டில் அதை "மாரடைப்பு" என்று சொல்லிவிடுவார்கள்.

முதலில் தெரியவந்தது ஒரு யுத்தத்தில்

இந்த ஆபத்து மருத்துவ உலகின் கண்ணில் தெளிவாகப் பட்டது விமானத்தில் அல்ல, பங்கரில். 1940 செப்டெம்பரில் ஜெர்மனி லண்டன்மீது குண்டு வீசத் தொடங்கியபோது மக்கள் இரவு முழுவதும் பாதுகாப்பு அறைகளில் கழித்தார்கள். படுக்க இடமில்லை. பலர் துணி கட்டிய மடிப்புக் கதிரைகளில் இருந்தபடியே தூங்கினார்கள். அந்தக் கதிரையின் முன்பக்கச் சட்டம் தொடையின் பின்புறத்தை இரவு முழுக்க அழுத்திக்கொண்டிருந்தது. குண்டு படாமலே, காலையில் எழுந்து நடக்கும்போது சிலர் விழுந்து இறந்தார்கள். சட்ட மருத்துவ நிபுணர் கீத் சிம்சன் உடற்கூற்றுப் பரிசோதனைகளில் நுரையீரல் அடைப்பைக் கண்டார். முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிடும்போது இத்தகைய மரணங்கள் ஆறு மடங்காகியிருந்தன. அவர் அதை அந்த ஆண்டே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். கதிரைகளுக்குப் பதிலாகப் படுக்கும் தட்டுகள் வேண்டும் என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

பங்கருக்குள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்ட இடமின்றி இரவைக் கழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1954 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹோமன்ஸ், நீண்ட நேரம் இருந்ததால் காலில் கட்டி வந்தவர்களைப் பற்றி எழுதினார். ஒருவர் 14 மணிநேரம் விமானத்தில் வந்த ஒரு வைத்தியர். மற்றவர்களில் காரில் நீண்ட தூரம் போனவர்களும் இருந்தார்கள், நாடகம் பார்க்கப் போய் இருந்தவர்களும் இருந்தார்கள். 1980களில் இதற்கு "எக்கொனமி வகுப்பு நோய்" என்ற பெயர் பரவியது. அது பிழையான பெயர். அசையாமல் தூங்கிக்கொண்டு போனால் அதிக விலை கொடுத்த இருக்கையிலும் இது வரும். பஸ்ஸிலும் ரயிலிலும் காரிலும் வரும்.

ஜப்பானில் 2004 ஒக்ரோபர் 23 அன்று நீகாத்தா பகுதியில் பூமி நடுங்கியபோது வீடு இழந்தவர்கள் பலர் தங்கள் கார்களுக்குள் இரவுகளைக் கழித்தார்கள். நிலநடுக்கத்தில் தப்பியவர்களில் சிலர் காரில் தூங்கியதால் நுரையீரல் அடைப்பு வந்து இறந்தார்கள். 2016 குமமோட்டோ நிலநடுக்கத்தின்போதும் இதே துயரம் நடந்தது. இடம்பெயர்ந்தவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதும் ஒரு மருத்துவக் கேள்விதான்.

பயம் எவ்வளவு வேண்டும்?

2000 ஒக்ரோபரில் சிட்னியிலிருந்து லண்டன் வந்த 28 வயதுப் பெண் ஒருவர் ஹீத்ரோ விமான நிலையத்தில் விழுந்து இறந்தபோதுதான் உலகச் செய்தித்தாள்கள் இதைப் பேசத் தொடங்கின. அதன்பின் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வுத் திட்டத்தை ஆரம்பித்து 2007 இல் முடிவுகளை வெளியிட்டது. நான்கு மணிநேரமோ அதற்கு மேலோ இருந்தபடி பயணம் செய்தால் குருதி உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் ஆரோக்கியமான ஒருவருக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். ஆகவே பயணத்தையே கைவிட வேண்டிய பயம் தேவையில்லை.

தூரம் கூடக்கூட ஆபத்து கூடுவதைப் பாரிஸ் நகரின் சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்தில் செய்து 2001 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 5,000 கிலோமீற்றருக்குக் குறைவாகப் பறந்தவர்களில் பத்து லட்சத்துக்கு 0.01 பேருக்கே நுரையீரல் அடைப்பு ஏற்பட்டது. 5,000 கிலோமீற்றருக்கு மேல் 1.5 பேர். 10,000 கிலோமீற்றரைத் தாண்டினால் 4.8 பேர். விமானத்தால் இறங்கியவுடனேயே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களை மட்டுமே இது எண்ணியது. வீட்டுக்குப் போய் நான்காம் நாள் மூச்சு முட்டியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. கொழும்பிலிருந்து லண்டனும் பாரிசும் 8,000 கிலோமீற்றருக்கு மேல். கனடாவும் அமெரிக்காவும் 10,000 ஐத் தாண்டியவை.

உலக சுகாதார நிறுவனம் சொன்ன இன்னொரு விடயம் எங்களுக்கு முக்கியமானது. ஒரு பயணம் முடிந்ததும் ஆபத்து உடனே மறைவதில்லை. சுமார் நான்கு வாரங்கள் வரை மீதம் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் மீண்டும் மீண்டும் நீண்ட பயணம் செய்பவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. யாழ்ப்பாணத்து பஸ்ஸும் லண்டன் விமானமும் உடலுக்கு ஒரே பயணம்தான். செத்தவீட்டுச் செய்தி கேட்டு ரொறன்ரோவிலிருந்து பறந்து வந்து, கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு வானில் ஏறி ஊருக்குப் போய், எட்டுச்செலவு முடிய அதேபோலத் திரும்பும் மகனுக்கும் இது பொருந்தும்.

எங்கள் பயணங்களின் கதை

1990 இல் யாழ்தேவி நின்றது. 2014 ஒக்ரோபர் 13 அன்றுதான் அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடையில் ஏ9 வீதி பூட்டப்பட்டது, திறக்கப்பட்டது, 2006 ஓகஸ்டில் மறுபடியும் பூட்டப்பட்டது. கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதிக்குக் காத்திருந்து கொழும்பு வந்தவர்கள் தங்கியது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில். விசாவுக்கும், வைத்தியத்துக்கும், வெளிநாட்டுக்கும் போக வந்தவர்களின் காத்திருப்பு அறைகள் அவை. 2007 ஜூன் 7 அதிகாலை அந்த லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் இன்னும் பலருக்கு மறக்கவில்லை.

அந்தக் காலம் எங்கள் உடலில் சில பழக்கங்களை விட்டுச் சென்றிருக்கிறது. ஒன்று, பயணத்துக்கு முதல்நாளே தண்ணீரைக் குறைப்பது. சோதனைச் சாவடியில் எத்தனை மணிநேரம் நிற்க நேரும், மலசலகூடம் இருக்குமா என்று தெரியாத பயத்தில் எங்கள் பெண்கள் பழகியது அது. இன்றும் இரவு பஸ் ஏறும் அம்மாமார் மத்தியானத்துக்குப் பிறகு ஒரு மிடறும் குடிப்பதில்லை. மற்றது, இருக்கையை விட்டு எழுந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்ற கூச்சம். விமானத்தில் பதினொரு மணிநேரமும் பட்டியைக் கழற்றாமல் இருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

அப்போது ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளோடு இறக்கி நடக்கவைத்தார்கள். அந்த அவமானத்தை யாரும் நன்மை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இன்றைய குளிரூட்டிய பஸ்ஸில் எவரும் எங்களை இறக்கிவிடுவதில்லை. தேநீருக்கு நிற்கும் ஓரிடத்திலும் பலர் தூங்கிவிடுகிறார்கள். இனி நாங்களாகவே இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

முன்பு ஒருமுறை காலிலோ நுரையீரலிலோ கட்டி வந்தவர்கள் முதல் வரிசையில் இருக்கிறார்கள். அண்மைய வாரங்களில் பெரிய சத்திரசிகிச்சை செய்தவர்கள், இடுப்பு அல்லது கால் எலும்பு முறிந்து பிளாஸ்டர் போட்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஆறு வாரங்களுக்குள் இருப்பவர்கள் ஆகியோரும் அவர்களோடு சேர்வர். வயதும் உடற்பருமனும் ஆபத்தைக் கூட்டும்.

உயரமும் ஒரு காரணம். 1.90 மீற்றருக்கு மேல் உயரமானவர்களுக்கும் 1.60 மீற்றருக்குக் குறைவானவர்களுக்கும் ஆபத்து கூட என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. 1.60 மீற்றர் என்பது ஐந்தடி மூன்று அங்குலம். எங்கள் அம்மாமாரில், அம்மம்மாமாரில் பெரும்பாலானவர்கள் அதற்குக் கீழே. அவர்களின் பாதம் தரையில் முழுதாகப் படுவதில்லை. இருக்கை விளிம்பு தொடையை அழுத்துகிறது. லண்டன் பாதுகாப்பு அறையின் அந்தக் கதிரைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலடியில் ஒரு சிறு பை வைத்துப் பாதத்தை உயர்த்தினாலே அழுத்தம் குறையும்.

ஓர்மோன் குளிசைகள் பற்றிப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கருத்தடைக் குளிசைகளில் ஈஸ்ட்ரோஜன் உள்ளவை குருதி உறைவைக் கூட்டுகின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மாதவிலக்கைத் தள்ளிப்போடப் பல பெண்கள் குளிசை எடுக்கிறார்கள். அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் நோரெதிஸ்ரெரோன், அந்த அளவில் எடுக்கும்போது உடலில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நீண்ட விமானப் பயணமும் அதனோடு சேர்ந்தால் இரண்டு ஆபத்தும் ஒன்றாகின்றன. ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவர் வாங்கிப் போடாமல், பயணம் செய்யப்போவதைச் சொல்லி வைத்தியரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கும் தனியாகச் சிலவற்றைச் சொல்லவேண்டும். காலில் ஷெல் துண்டு பட்டவர்களுக்கும் எலும்பு முறிந்து நெடுநாள் கட்டிலில் கிடந்தவர்களுக்கும் நாளங்களின் சுவரும் வால்வுகளும் பழுதடைந்திருக்கக்கூடும். அந்தக் கால் எப்போதும் சற்று வீங்கியே இருந்தால், பயணத்துக்கு முன் அதன் வழக்கமான பருமனைத் தெரிந்துவைத்திருங்கள். புதிய வீக்கத்தை அப்போதுதான் பிரித்தறியலாம். ஒரு காலை இழந்தவர்கள் மற்றக் காலின் கெண்டையையும், எஞ்சிய தொடைத் தசையையும் இறுக்கித் தளர்த்த வேண்டும். முள்ளந்தண்டு காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவர்களுக்கு நோ தெரியாது. அவர்களோடு போகிறவர்தான் ஒவ்வொரு தரிப்பிலும் கால்களைப் பார்த்து, தொட்டு, ஒப்பிட வேண்டும்.

குடும்ப வரலாறும் தேவை. சிலருக்குக் குருதி இலகுவில் உறையும் தன்மை பரம்பரையாக வருகிறது. "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கட்டி வந்ததா?" என்று வைத்தியர் கேட்டால் எங்களில் பலரிடம் பதில் இல்லை. பெரியவர்கள் சிதறிப்போனார்கள், பலர் இறந்த காரணம் எழுதப்படவே இல்லை. இருக்கும் ஒரு சித்தியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். கால் வீங்கியிருந்து, பிறகு திடீரென மூச்சு முட்டி, அல்லது பிள்ளை பெற்ற சில நாட்களில் யாராவது இறந்தார்களா? அந்த ஒரு தகவல் ஒரு பேரப்பிள்ளையின் உயிரைக் காக்கலாம்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, பயணங்களுக்கு இடையில் நடக்கும் நேரத்தை வைப்பது. முடிந்தால் வடக்கிலிருந்து வந்த அன்றே விமானம் ஏறாதீர்கள். ஓரிரு நாள் தங்குங்கள். அந்த நாட்களில் லொட்ஜ் கட்டிலில் படுத்துக் கிடக்காமல் காலையிலும் மாலையிலும் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மெதுவாக நடக்கலாம். கொட்டாஞ்சேனையில் தங்குபவர்கள் கோயில் வரை நடந்து போய் வரலாம். பகல் ரயில் கிடைத்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். பெட்டிக்குள் எழுந்து நடக்க இடம் உண்டு.

பஸ்ஸிலும் விமானத்திலும் செய்யும் பயிற்சி இலகுவானது. குதியை நிலத்தில் ஊன்றி விரல்களை மேலே தூக்குங்கள். பிறகு விரல்களை ஊன்றிக் குதியைத் தூக்குங்கள். இருபது தடவை. பின் கணுக்காலை இருபக்கமும் சுழற்றுங்கள். மணிக்கு ஒருமுறை இதைச் செய்தால் கெண்டைக்காலின் பம்பி வேலை செய்யும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும்; விமானத்தில் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கினால் யாரையும் எழுப்பாமல் எழலாம். பஸ் தேநீருக்கு நின்றால் கட்டாயம் இறங்குங்கள்.

மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் அடைத்த பையைக் காலுக்குள் செருகி வைத்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம். அது காலை அசையவிடாது. மேலே வையுங்கள். காலுக்குமேல் கால் போட வேண்டாம். இடுப்பை இறுக்கும் உடை வேண்டாம்.

தண்ணீர் மட்டும் கட்டியைத் தடுத்துவிடும் என்று உறுதியாகச் சொல்ல ஆய்வு இல்லை. ஆனால் உடல் வறளாமல் பார்ப்பது நல்லது. தண்ணீர் குடித்தவர் மலசலகூடத்துக்கு எழுந்துதான் ஆகவேண்டும். அந்த நடையே மருந்து. நித்திரைக் குளிசையும் அளவுக்கு மீறிய மதுவும் வேண்டாம். அவை உங்களை ஒரே நிலையில் மணிக்கணக்காகக் கிடத்திவிடும்.

ஆபத்துக் கூடியவர்கள் முழங்காலுக்குக் கீழ்வரை வரும் அழுத்தக் காலுறை அணியலாம். கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீற்றர் இரச அழுத்தம் தரும் வகை வேண்டும். 2001 இல் லான்செட்டில் வெளிவந்த ஆய்வொன்றில், 50 வயதைக் கடந்த பயணிகளில் இந்தக் காலுறை போடாத 116 பேரில் 12 பேருக்கு அறிகுறி தெரியாத சிறு கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் அளவெடுத்து வாங்க வேண்டும். மேல்விளிம்பு மட்டும் இறுக்கும் சாதாரண காலுறை குருதியை மேலும் தேக்கிவிடும். நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்களும், காலுக்குக் குருதி வரும் நாடிகளில் அடைப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அணியக்கூடாது.

மிகக் கூடிய ஆபத்து உள்ளவர்களுக்குப் பயணத்துக்கு முன் குருதி உறைவைத் தடுக்கும் ஊசியையோ குளிசையையோ வைத்தியர் பரிந்துரைக்கலாம். ஆகவே ரிக்கெட் வாங்கியவுடனேயே போய்க் கேளுங்கள், முதல்நாள் அல்ல. "ஒரு டிஸ்பிரினைப் போட்டுக்கொண்டு போ" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாளத்தில் வரும் பயணக் கட்டியைத் தடுக்க அஸ்பிரினை மருத்துவ வழிகாட்டல்கள் பரிந்துரைப்பதில்லை. வயிற்றில் குருதி கசியும் ஆபத்துத்தான் மிஞ்சும். இதயத்துக்காக வைத்தியர் தந்த அஸ்பிரினை எடுப்பவர்கள் அதை நிறுத்தவும் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

கட்டி பெரும்பாலும் பயணத்தின்போது தெரியாது. அடுத்த சில நாட்களில், இரண்டு வாரங்களுக்குள் வெளிப்படும். சிலருக்கு அதற்கும் பிந்தலாம். அப்போது பயணமே மறந்துபோயிருக்கும்.

ஒரு கால் மட்டும் வீங்குவது முதல் அறிகுறி. கெண்டைக்கால் நோவது, தொட்டால் சூடாக இருப்பது, நடக்கும்போது பிடிப்பது ஆகியவையும் அறிகுறிகளே. புத்தகங்கள் தோல் சிவக்கும் என்று சொல்லும். எங்கள் நிறத்தில் அது தெரியாமல் போகலாம். நூல் ஒன்றால் இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

அந்தக் காலை எண்ணெய் பூசி உருவ வேண்டாம். பயணக் களைக்கு நல்லெண்ணெய் தேய்த்து அழுத்தி விடுவது எங்கள் வீடுகளில் அன்பின் அடையாளம். உள்ளே கட்டி இருந்தால் அந்த அழுத்தமே அதை உடைத்து மேலே அனுப்பக்கூடும்.

திடீரென மூச்சு முட்டுதல், மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சு குத்துதல், இருமலில் இரத்தம், மயக்கம், காரணமில்லாத படபடப்பு. இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில வைத்தியசாலை அருகில். கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலை. பிரித்தானியாவில் 999, ஐரோப்பாவில் 112, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போன பெற்றோர் செலவுக்குப் பயந்து நோவை மறைப்பார்கள். "அதுகளுக்கு ஏன் கரைச்சல்" என்று நினைப்பார்கள். பயணக் காப்புறுதி எடுத்து அனுப்புங்கள். காப்புறுதி இல்லாவிட்டாலும் மூச்சு முட்டினால் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிரித்தானியாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு எவரிடமும் கட்டணம் அறவிடுவதில்லை. விடுதியில் அனுமதித்தால்தான் வருகையாளரிடம் கேட்பார்கள்.

வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லவேண்டியது இதுதான்: "நான் இத்தனை நாட்களுக்கு முன் இத்தனை மணிநேரம் இருந்தபடி பயணம் செய்தேன்." பஸ்ஸையும் சேர்த்துச் சொல்லுங்கள். மொழி தெரியாதவர்கள் அதை ஒரு தாளில் எழுதுவித்துக் கடவுச்சீட்டோடு வைத்திருக்கலாம். பயணத்தைச் சொல்லாவிட்டால் கால் நோவைத் தசைப்பிடிப்பு என்றும், மூச்சிரைப்பைச் சளி என்றும் எவரும் நினைத்துவிடலாம்.

கண்டுபிடித்தால் மருந்து உண்டு

காலில் டொப்ளர் ஸ்கான் செய்தால் கட்டி தெரியும். நுரையீரலுக்கு சி.ரி ஸ்கான். பிறகு ஹெப்பாரின் வகை ஊசி, அதைத் தொடர்ந்து அல்லது நேரடியாகவே குளிசை. வழக்கமாகக் குறைந்தது மூன்று மாதங்கள். வாபரின் எடுப்பவர்கள் ஐ.என்.ஆர் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. முருங்கையிலை, வல்லாரை போன்ற கீரைகளை விடவேண்டியதில்லை. திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நாட்டு மருந்தோ நோக்குளிசையோ எடுக்குமுன் வைத்தியரிடம் சொல்லுங்கள். நோ போய்விட்டது என்று குளிசையை இடையில் நிறுத்தினால் கட்டி திரும்பி வரும். அடுத்த நீண்ட பயணம் எப்போது என்பதையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

எங்கள் குடும்பங்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. கலியாணத்துக்கும், பேரப்பிள்ளை பிறந்ததற்கும், செத்தவீட்டுக்கும் கண்டம் தாண்டித்தான் போகவேண்டும். இந்தப் பயணங்களை நாங்கள் விடப்போவதில்லை, விடவும் தேவையில்லை. அடுத்தமுறை அதிகாலையில் காலி வீதியில் உங்கள் அம்மாவை பஸ்ஸிலிருந்து இறக்கும்போது பொதிகளைத் தூக்குவதற்கு முன் அவரின் இரண்டு கால்களையும் பாருங்கள். ஓட்டோவைக் கூப்பிட அவசரப்படாமல், கையைப் பிடித்துக் கொஞ்சத் தூரம் நடத்திக் கூட்டிப் போங்கள்.